இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

வெர்டெல் பிக்கன்ஸ் 1968 அக்டோபரில் பாடிய ஒரு பாட்டு, ரெக்கார்டில் இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடியில் தேய்ந்து அடங்கிவிடுகிறது. அதன் மிச்சம் 1969 மார்ச் முப்பதாம் தேதி மதியத்திலிருந்து இன்றுவரை கட்லர் தெரு பதினான்காம் எண் வீட்டுக் கூரைக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரான ஹார்லோ பெண்டில் காது உள்ள எல்லாருக்கும் அது கேட்கும். அந்த வீட்டில் குடியிருக்கும் ஏமஸ் டக்கெட்டுக்கு மட்டும் கேட்காது. மழை நாளில் டிரம்பெட் சத்தம் கொஞ்சம் அமுங்கும். டிசம்பர் குளிரில் பேஸ் கிடார் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை போகும். தபால்காரர்கள் பன்னிரண்டாம் எண்ணைத் தாண்டியதும் தங்களை அறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறார்கள். பதினாறாம் எண் வீடு விலைக்கு வரும்போதெல்லாம் தரகர்கள் கூரை, குழாய், கொல்லைப்புறம் என்று சொல்லிக்கொண்டே வந்து பாட்டையும் அதே குரலில் சொல்லிவிடுவார்கள். வாங்குகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, சமையலறை எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள்.

எங்கள் வாரப் பத்திரிகையில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு வாக்கெடுப்பு நடக்கும். அறுபத்தேழிலிருந்து அறுபத்தொன்பது வரை வெளியான ரெக்கார்டுகளில் உங்களுக்குப் பிடித்த பத்து எவை என்று கேட்போம். முப்பத்தொரு வருடமாக அந்தப் பக்கத்தை நான்தான் தொகுக்கிறேன். வசவுக் கடிதங்களும் எனக்குத்தான் வருகின்றன. ஆற்றுக்கு அக்கரைப் பையன்கள் நால்வர் போட்ட ராக் ரெக்கார்டு ஒன்று, படகில் கோவேறு கழுதை நிற்கும் அட்டைப்படத்தோடு, எப்போதும் முதல் ஐந்தில் வரும். கிடாரை அடித்துத் துவைத்திருப்பார்கள். அந்த வயதில் எனக்கு அது வேதம். பிரசங்கத்தை விட்டுவிட்டுக் காதல் பாட்டுக்கு வந்த ஒரு பெரியவரின் ரெக்கார்டு உண்டு. அதன் மூன்றாவது பாட்டு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் கீறியிருக்கும், ஏனென்றால் எல்லாரும் அதே இடத்தில் ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தோம். முதலிடம் மட்டும் மாறவே மாறாது. வெர்டெல் பிக்கன்ஸ், ‘சர்ச் விட்டதும் சாப்பாடு’. இப்போது நான் எழுதுவது அந்தப் பக்கத்துக்காக அல்ல. பத்திரிகையை ஏமஸ் டக்கெட் வரி விடாமல் படிப்பவன். அதனால் இது என் நோட்டில்தான் இருக்கும்.

அந்த ரெக்கார்டை எடுத்த கூடம் முன்பு சவப்பெட்டிக் கிடங்காக இருந்தது. மோஸ்லி என்ற வெள்ளைக்காரர் அதை வாங்கி, சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டி, ஒலிப்பதிவுக்கூடமாக்கினார். வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் வெள்ளைப் பையன்கள், பாதிப்பேர் எங்கள் கறுப்பின ஆட்கள். உள்ளே ஒரே மைக்கைச் சுற்றித் தோளோடு தோள் இடித்து வாசிப்பார்கள். மதியம் பசித்தால் வெள்ளைப் பையன்கள் முக்குக் கடையின் முன்வாசலில் போய் வாங்குவார்கள். நிறம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று சட்டம் மாறி நாலு வருடமாகியும் எங்கள் ஆட்கள் பின்புற ஜன்னலில்தான் வாங்கினார்கள். காகிதத்தில் இசைக்குறிப்பு எழுதும் வழக்கம் அங்கே கிடையாது. வெர்டெல் ஒரு தடவை பாடிக்காட்டுவாள். பேஸ் வாசிக்கும் க்ளோவிஸ் டேட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அடித்தளத்தைப் பிடிப்பான், மற்றவர்கள் அவன் பின்னால் வருவார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் முன்னால் ஏமஸ் உட்கார்ந்திருப்பான். அவன் காது அப்படிப்பட்ட காது. எங்கள் ஊரின் நான்கு சர்ச்சிலும் எந்தப் பியானோவில் எந்தக் கட்டை தளர்ந்திருக்கிறது என்று தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தபடியே சொல்வான். அவனும் வெர்டெலும் சின்ன வயதிலிருந்து மவுண்ட் நெபோ சர்ச் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். 1969 ஜூனில் கல்யாணம் என்று நிச்சயமாகி, மோதிரமும் போட்டாயிற்று.

வெர்டெலுக்கு ஒரே தம்பி, எசெல். பத்தொன்பது வயதில், அறுபத்தெட்டு பிப்ரவரியில், வியட்நாமில் செத்துப்போனான். எங்கள் மாவட்ட நீதிமன்றத்தின் புல்வெளியில் போரில் இறந்தவர்களுக்கென்று ஒரு கல் இருக்கிறது. அந்த வருடம் அதில் புதிதாக நான்கு பெயர் வெட்டினார்கள், நான்கும் வெள்ளைக்காரப் பெயர். எசெலின் அம்மா கோரா பிக்கன்ஸ் தன் ஊதா நிற சர்ச் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரில் போய்க் கேட்டார். கல்லில் இடமில்லை என்று கை விரித்துவிட்டார்கள். கல் இரண்டு ஆள் உயரம். கீழ்ப்பாதி அன்றும் வெறுமை, இன்றும் வெறுமை. அம்மா வீடு திரும்பித் தொப்பியைக் கழற்றாமலே அடுப்படியில் நின்றதைப் பார்த்துவிட்டு வெர்டெல் சொன்னாளாம்: “விடும்மா. அவங்க கல்லுல இடமில்லன்னா என் ரெக்கார்டுல இடமிருக்கு. கல்ல பாக்க ஊருக்கு வரணும். இத ஊர் ஊரா வீட்ல வெச்சுக் கேப்பாங்க.”

அந்த வீட்டில் எசெல் போனபிறகும் ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அவனுக்கு ஒரு தட்டு வைப்பார்கள். அதைத்தான் அவள் பாட்டாகக் கட்டினாள். ‘அவனுக்கொரு தட்டு’, இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. முதல் இரண்டரை நிமிடம் சாதாரண ஞாயிறு: கோழி, கீரை, சோளரொட்டி, சித்தப்பாவின் குறட்டை. அப்புறம் வாத்தியங்கள் ஒரு நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும், அவள் கொஞ்ச நேரம் ‘ம்ம்’ என்று முனகுவாள், அதன்மேல் ஐந்து வரி. அவன் நாற்காலிய யாரும் நகத்தாதீங்க. கோழிக்கால் அவனுக்கு, எப்பவும்போல. கதவு தட்டினா நான்தான் எந்திரிச்சுப் போவேன். கேக்கறாங்க, யாருக்கு இந்தத் தட்டுன்னு. ஐந்தாவது வரி, பெயர் மட்டும், முழுப்பெயர். எசெல் வெய்ன் பிக்கன்ஸ்.

பாடுவதற்கு முன்னால் அவள் கண்ணாடிக்கு அந்தப்புறம் போய் நின்றதை க்ளோவிஸ் பார்த்திருக்கிறான்.

“ஏமஸ், பேரு கடைசியிலதான் வருது. நீளமா இருக்குன்னு அங்க கை வெச்சிராத.”

“பைத்தியமாடி உனக்கு? ஒரு வினாடி கொறையாது. எங்கம்மா மேல சத்தியம்.”

“உங்கம்மா மேல நீ நூறு சத்தியம் பண்ணியிருக்க.”

“இது நூத்தி ஒண்ணு. போய்ப் பாடு.”

அது அக்டோபர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. ஒரே மூச்சில் ஏழு நிமிடம் ஓடியது. பெயர் வந்தபிறகும் நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. அதே நாலு சுரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். முடிந்ததும் டிரம்ஸ் வாசித்த வெள்ளைப் பையன் டோனி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், தன் வண்டியின் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கும் அண்ணன் ஒருவன் அப்போது வியட்நாமில்தான் இருந்தான்.

அடுத்த வாரம் நியூயார்க்கிலிருந்து கெல்னர் என்பவர் வந்தார். ரெக்கார்டு கம்பெனியின் ஆள், நல்ல உடை, நல்ல பேச்சு. ஏமஸைத் தனியாக உட்காரவைத்து ஏழு நிமிடத்தையும் கேட்டுவிட்டு, “பிரமாதம். ஆனா மூணு நிமிஷத்துக்கு மேல ஓடினா ரேடியோக்காரன் தொடமாட்டான். மங்கவிட்டுருங்க” என்றார். பாட்டை மங்கவிடுவது அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். குமிழில் இருக்கிற கை ஒலியை மெல்ல மெல்லத் தாழ்த்தும். கேட்கிறவர்களுக்கு அவர்கள் நடந்து தூரமாகப் போவதுபோல இருக்கும். ஏமஸ் முடியாது என்றான். இதையும் சொல்லிவிட வேண்டும், முதலில் முடியாது என்றுதான் சொன்னான். அதற்குப் பிறகுதான் கெல்னர் அட்டையின் பின்பக்க மாதிரியை எடுத்து மேசையில் வைத்தார். “இங்க ‘தயாரிப்பு: ஏமஸ் டக்கெட்’னு போடலாம்னு இருக்கேன். இந்த ஊர்ல உங்க ஆள் பேரு எதுலயாவது அப்படி வந்திருக்கா?” வந்ததில்லை. மோஸ்லியின் பெயர்தான் எல்லாவற்றிலும் வரும். ஏமஸின் விரல் குமிழைப் பதினெட்டு வினாடி திருகியது. வெர்டெல் முதல் வரிக்காக மூச்சு இழுக்கிறாள். அந்த மூச்சோடு பாட்டு முடிந்துவிடுகிறது. யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. ஐந்து மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் பக்கத்தில் நின்று பாடினான். அவன் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த ஐந்து மாதத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரெக்கார்டு வந்து சேர்ந்த மறுநாள் குருத்தோலை ஞாயிறு. சர்ச் விட்டதும் இருபது பேர் கோரா பிக்கன்ஸ் வீட்டில் கூடினோம். எசெலின் தட்டில் கோழிக்கால் வைத்தாயிற்று. பெயர் வரும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று கோரா சொல்லியிருந்தார். வெர்டெல் இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். கடைசிப் பாட்டு வந்தது, கோழி, கீரை, குறட்டை, சிரித்தோம். முனகல் வந்தது, கோரா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், நாங்களும் எழுந்தோம். பாட்டு நடந்து தூரமாகப் போனது. ஊசி நடுவளையத்தில் டிக் டிக் என்று முட்டிக்கொண்டிருந்தது. இருபது பேரும் கையில் வாய் துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருந்தோம்.

“மிச்சம் எங்கடி?” என்றார் கோரா.

வெர்டெல் ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள். அதே மூச்சு, அதே டிக் டிக். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஏமஸ் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“வெர்டெல், ரேடியோவுக்காகத்தான்... முழுசும் டேப்புல அப்படியே இருக்கு, பத்திரமா இருக்கு. அடுத்த தடவ அச்சு போடும்போது...”

“என் தம்பி பேரு வர்ற எடத்துல உன் பேரு வந்திருக்கு” என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதே நேரம் கட்லர் தெருவில், வாதக் காலோடு வீட்டிலேயே இருந்த ஒடெஸ்ஸா கிரம்ப், ஜன்னலைத் திறந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார்: “எந்தத் தறுதலடா ரேடியோவக் கூரமேல கொண்டுபோய் வெச்சது?” ரெக்கார்டில் எந்த இடத்தில் தேயத் தொடங்கியதோ அந்த இடத்திலிருந்து, தேய்ந்த அதே வேகத்தில், ஏமஸின் கூரைக்கு இரண்டு முழம் மேலே பாட்டு எழும்பிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் தெரு நிரம்பிவிட்டது. க்ளோவிஸ் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு, “நான்தான் வாசிக்கறேன்” என்றான். ஏமஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“என்னாச்சு? எல்லாரும் என் வீட்டு மேல என்னத்தப் பாக்கறீங்க?”

“கேக்கலியா ஒனக்கு?”

“என்ன கேக்கணும்?”

“ஊருக்கே காதா இருந்தவன்டா நீ. இப்ப கேக்கலன்னு நடிக்கறியா?” என்றார் ஒடெஸ்ஸா.

அவன் நடிக்கவில்லை. எங்கள் ஊரின் ஆகச் சிறந்த காதுக்கு அது எட்டவில்லை. முதலில் நாங்கள் சேர்ந்து கேலி செய்கிறோம் என்று நினைத்தான். இரண்டு பேரின் சட்டையைப் பிடித்துச் சண்டைக்கும் போனான். மூன்றாம் நாள் கூடத்திலிருந்து ஒரு மைக்கையும் பதிவு இயந்திரத்தையும் கொண்டுவந்து, ஏணி போட்டு, மைக்கைக் கூரையில் கட்டினான். இயந்திரத்தின் முகத்தில் ஒலி அளவைக் காட்டும் முள் ஒன்று உண்டு. சுவிட்சைப் போட்டதும் அது துள்ளியது. காதில் ஒன்றுமில்லை, முள் மட்டும் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் துள்ளித் துள்ளி விழுந்தது. டோனியின் டிரம்ஸ் அடி அது, முள்ளைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டான். அழுதான், நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம், யாரும் உள்ளே போகவில்லை.

அவன் நினைத்தது, இதைப் பதிந்து வெர்டெலிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று. பதிந்தான். அவளையும் க்ளோவிஸையும் டோனியையும் கூடத்துக்கு வரச்சொல்லிப் போட்டுக்காட்டினான். டேப்பிலிருந்து பாட்டு வரவில்லை. “மூணு வாத்து மாவு, பொங்கி வரும் மாவு” என்று விளம்பரம் வந்தது. டேப்பை மாற்றிப் பதிந்து பார்த்தான். அதிலும் மூன்று வாத்து மாவுதான். க்ளோவிஸ் நெற்றியைச் சுருக்கினான். “இது நாமதான அடிச்சோம், அக்டோபர் கடைசி செவ்வாக்கெழம? அன்னைக்குப் புது டேப்பு வந்து சேரலன்னு மோஸ்லி குதிச்சுக்கிட்டிருந்தாரே. எந்த டேப்புல ஏத்தின, ஏமஸ்?”

முழுப் பாட்டு இருந்த டேப்பை அழித்துத்தான் ஏமஸ் அதன்மேல் விளம்பரத்தை ஏற்றியிருக்கிறான். வேறு டேப் இல்லாததால் செய்தானா, தடயம் இருக்கக்கூடாது என்று செய்தானா என்பதை இன்றுவரை சொன்னதில்லை. இரண்டும்தான் என்பது என் கணிப்பு. அந்த ஏழு நிமிடம் உலகத்தில் எங்கேயும் இல்லை, அவன் கூரைக்கு மேலே தவிர.

வெர்டெல் மோதிரத்தைக் கழற்றி, துள்ளிக்கொண்டிருந்த முள்ளின் கண்ணாடிமேல் வைத்தாள். “வியட்நாம்ல ஒரு தடவ செத்தான். நீ ரெண்டாவது தடவ கொன்னுட்ட. மாவுக்காக.” அதுதான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு, நாற்பத்திரண்டு வருடத்துக்கு. அவன் தெருவில் கால் வைக்கமாட்டேன் என்றாள், வைக்கவில்லை. இரண்டாவது ரெக்கார்டு போடக் கேட்டுக் கம்பெனியிலிருந்து ஏழு கடிதம் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். சர்ச்சில்கூடப் பாடவில்லை. டன்பார் பள்ளியின் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குத் தட்டில் சாப்பாடு போட்டாள்.

கூரைமேல் பாட்டு தன்பாட்டுக்கு ஓடியது. தாளம் சரியான வேகத்தில்தான் போகும், க்ளோவிஸ் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறான், வரிகள்தான் நகராது. முனகல் மட்டும் ஐந்து வருடம். எழுபத்து நாலில் ஒரு புதன்கிழமை, அவன் நாற்காலிய யாரும் நகத்தாதீங்க என்று முதல் வரி வந்தபோது, க்ளோவிஸ் முட்டைப் பையை நடுத்தெருவில் போட்டுவிட்டான். கோரா பிக்கன்ஸ் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் விட்டதும் மடக்கு நாற்காலியோடு வந்து வேலியோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். கால் விழுந்தபிறகு படுக்கையிலிருந்தே மகளிடம் கேட்பார். “வந்திருச்சாடி?” வெர்டெல் தெருக்காரர்களிடம் விசாரித்து வந்து, “இன்னும் வரலம்மா” என்பாள். எண்பத்து மூன்றில் ஆஸ்பத்திரியில் கோரா கடைசியாகப் பேசியதும் அதுதான். வந்திருச்சாடி என்றார். இன்னும் வரலம்மா என்றாள். நர்ஸ் எங்களிடம் சொல்லி அழுதாள்.

எண்பத்தாறில் கோழிக்கால் வரி வந்தது. இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் நீளமுடி ஆண்கள் வந்து வேலியில் சாய்ந்து கேட்டார்கள். அதே ஆண்கள் வழுக்கைத் தலையோடு மறுபடி வந்தார்கள். தொண்ணூற்றொன்றில் டோனி இறந்தான், மேலே டிரம்ஸ் ஓர் அடி தவறவில்லை. அவன் மனைவி அவன் பிறந்தநாளுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். தொண்ணூற்றொன்பதில் கதவு தட்டும் வரி வந்தது. ஏமஸுக்கு வேறு ஊரில் இரண்டு தடவை நல்ல வேலை வந்தது, போகவில்லை. கல்யாணமும் செய்யவில்லை. முள்ளுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வரி மாறினாலும் முள் ஒரே மாதிரிதான் துள்ளும். அதனால் வேலிக்கு வந்து, போகிற வருகிறவர்களைக் கேட்பான். நாங்களும் உள்ளதைச் சொல்லுவோம். அதில் குறை வைத்ததில்லை.

2011 மே மாதம் நான்காவது வரி வந்தது. கேக்கறாங்க, யாருக்கு இந்தத் தட்டுன்னு. அந்த வாரம் ஏமஸ் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மேட்டுத்தெருவில் வெர்டெல் வீட்டு வாசலில் போய் நின்றான். அவனுக்கு எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தெட்டு. அவள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், பத்திரிகைக்காக எதையோ கேட்கப் போயிருந்தேன்.

“அடுத்தது பேருதான்னு சொல்றாங்க” என்றான்.

“தெரியும்.”

“எனக்குக் கேக்காது, வெர்டெல். அது வந்துருச்சுன்னு தெரிஞ்சா போதும். வீட்டப் பூட்டிட்டு ஷிகாகோல தங்கச்சிகிட்டப் போயிருவேன். நிம்மதியா மூச்சு விடுவேன். வேற யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். நீ வந்து சொல்லணும்.”

அவள் இன்னும் இரண்டு பீன்ஸை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் சொன்னாள்: “சொல்றேன். ஒரு வினாடி தாமதிக்கமாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நன்றி ரொம்ப நன்றி என்று படியிறங்கிப் போனான். அந்தச் சத்தியத்தை முதலில் செய்தது யார் என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது, பீன்ஸ் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டு வருடம் கழித்து, 2019 அக்டோபர் பத்து, வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு க்ளோவிஸ் அவளுக்குப் போன் செய்தான். பெயருக்கு முன்னால் பேஸ் கிடார் ஒவ்வொரு படியாக மேலே ஏறும், அது அவன் கட்டிய இடம். “வெர்டெல், என் விரல் ஏற ஆரம்பிச்சிருச்சு. கெளம்பி வா.”

அவள் அம்மாவின் ஊதாத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் மடக்கு நாற்காலியோடு வந்தாள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு கட்லர் தெருவில் முதல் அடி. செய்தி பரவி அறுபது, எழுபது பேர் சேர்ந்துவிட்டோம். ஏமஸ் கையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு தன் வராந்தாவில் நின்று எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு வேறு வழி ஏது. வெர்டெல் வேலியோரம் நாற்காலியை விரித்தாள். உட்காருவதற்கு முன் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சமையற்கூடத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் எங்களிடம் சொன்னாள்: “யாரும் மூஞ்சியில காட்டிக்கக் கூடாது. ஒருத்தர்கூட.”

மேலே பேஸ் ஏறியது. டிரம்பெட் ஒதுங்கி வழி விட்டது. இருபத்தைந்து வயது வெர்டெல் மூச்சு இழுத்தாள். எசெல் வெய்ன் பிக்கன்ஸ் என்று பாடினாள். அந்தப் பெயரின் ஒவ்வொரு அசைக்கும் இடம் கொடுத்து, அவசரமே இல்லாமல், கல்லில் வெட்டுகிறவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டு பாடினாள். ஐம்பது வருடமாக நாங்கள் காத்திருந்தது. அழாமல் நின்றோம். க்ளோவிஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கத்திலிருந்த தபால்காரி கையிலிருந்த உறைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவன் முகத்தை வைத்துக்கொண்டேன். வெர்டெல் பிக்கன்ஸ் தொப்பியின் நிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“வெர்டெல்!” ஏமஸ் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். “வந்திருச்சா?”

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

“இன்னும் வரல, ஏமஸ்.”

நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்து போனாள். தெருமுனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று ஒடெஸ்ஸாவின் மகள் சொன்னாள். நான் அங்கே போகவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் மூன்று மணி சுமாருக்கு அந்தப் பெயர் வருகிறது. வாத்தியங்கள் நிற்கவில்லை, நின்றிருந்தால் முள் காட்டிக்கொடுத்திருக்கும். வியாழக்கிழமைகளில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஒடெஸ்ஸா வீட்டு முற்றத்தில் மேசை போட்டுச் சாப்பிடுகிறோம். ஒரு தட்டு தனியாக இருக்கும், கோழிக்காலோடு. வெர்டெலும் வருகிறாள், சாப்பிடுகிறாள், பெயரைக் கேட்டுவிட்டுப் போகிறாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குப்பைவண்டி என்றைக்கு வரும், தண்ணீர்க்குழாயை எங்கே மூடுவது என்று சொல்லும்போதே, ஏமஸ் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். புதிதாக வந்த பாதிரியார் ஒருவர், ஒரு கிழவனிடம் ஊரே பொய் சொல்வது பாவமில்லையா என்று பிரசங்கத்தில் கேட்டார். அடுத்த வியாழன் அவரும் ஒரு தட்டோடு வந்து உட்கார்ந்து கேட்டார். ஏமஸ் வேலிக்கு வந்தபோது அவர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

ஏமஸுக்கு இப்போது எண்பத்து மூன்று. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஷிகாகோத் தங்கை போன வருடம் இறந்துவிட்டாள். பெட்டி மட்டும் கட்டியபடி கதவுக்குப் பின்னால் இருக்கிறது. போன வியாழன் நான் அவன் வேலியைத் தாண்டிப் போகும்போது, மேலே அவள் குரல் அப்போதுதான் பெயரைச் சொல்லி முடித்திருந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“வந்திருச்சாப்பா?”

“இன்னும் வரல, ஏமஸ்” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, முள்ளைப் பார்க்க உள்ளே போனான்.